எந்த ‘நேற்று’? ஏபிஐ வினவல்களில் நகரும் தேதிகள்

உலகில் எங்கு நிலம் அதிர்ந்தாலும் பதிவு செய்துவைக்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம், தன் நிலநடுக்கப் பட்டியலைக் கணக்கோ சாவியோ கேட்காமல் எவருக்கும் தரும் ஓர் ஏபிஐயை, அதாவது ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தரவைக் கேட்டுப் பெறும் வழியை, நடத்துகிறது. தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் இணைய முகவரியின் பின்னால் சேர்த்து அனுப்பினால், அந்த இடைவெளியில் நிகழ்ந்த அதிர்வுகள் வரிசையாக வந்துவிடும். இதனிடம் 2004 டிசம்பர் 26 என்ற ஒரே ஒரு நாளைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் ஆழிப்பேரலையில் மூழ்கடித்த 9.1 அளவுள்ள அந்த அதிர்வு பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் கேட்கும் கணினி நியூயார்க் நேரத்தில் இயங்கி, அவ்வூரின் நள்ளிரவை உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றி அனுப்பினால், பட்டியலில் அது இராது. நிலம் அதிர்ந்தது யூடிசிப்படி 00:58:53 மணிக்கு. நம் கடிகாரத்தில் காலை 6:28. நியூயார்க்கிலோ அது 25ஆம் தேதி இரவு 8 மணிக்குச் சற்று முன். அங்கே 26ஆம் தேதி பிறப்பது யூடிசிப்படி காலை 5 மணிக்குத்தான் என்பதால், வினவலும் அங்கிருந்துதான் தொடங்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பின்னதிர்வுகள் ஏராளமாக வந்து பட்டியலை நிரப்பியிருக்கும். முதன்மையான ஒரு வரி மட்டும் காணாமற்போயிருக்கும்.

தேதியைக் கையால் எழுதி அனுப்பும்போதே இந்த நிலை என்றால், தேதியை மென்பொருளே கணக்கிட்டு நிரப்பும்போது கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அலுவலகங்களில் அறிக்கை தயாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். முதலில் ஏபிஐயின் முகவரியில் இரண்டு தேதிகளைத் தட்டச்சு செய்து அறிக்கையை உருவாக்குவார்கள். அடுத்த மாதம் அதே முகவரியைத் திறந்து தேதிகளை மாற்றுவார்கள். நான்காவது மாதம் மாற்ற மறந்துபோய், பழைய எண்கள் புதிய தலைப்போடு மேலதிகாரிக்குப் போன பிறகு, தேதியைத் தானாக நகரச் செய்ய வழி தேடுவார்கள். வழி எளிதில் கிடைத்துவிடும். எக்செல் என்றாலும், அறிக்கைகளை உருவாக்கும் பவர் பிஐ என்றாலும், கூகுள் ஷீட்ஸ் என்றாலும் ‘இன்று’ என்பதைத் தரும் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது; அதிலிருந்து ஏழையோ முப்பதையோ கழித்து, எழுத்துச் சரமாக மாற்றி, முகவரியில் ஒட்டிவிடலாம். இவ்வளவையும் ஒரே வரியில் எழுதிவிட முடியும் என்பதால்தான், அந்த வரி எத்தனை முடிவுகளைச் சத்தமில்லாமல் எடுக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை.

‘இன்று’ என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய கடிகாரங்கள் குறைந்தது மூன்று இருக்கின்றன. ஒன்று, அறிக்கையை வடிவமைப்பவரின் மடிக்கணினியில் இருப்பது. இரண்டாவது, அறிக்கையை இரவோடு இரவாகப் புதுப்பிக்கும் சர்வரில் இருப்பது. மூன்றாவது, தரவைத் தரும் ஏபிஐயின் பக்கம் இருப்பது. இம்மூன்றும் ஒரே நாளைக் காட்டும் நேரத்தில் அறிக்கையைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வேலை நேரம் என்பது அப்படிப்பட்ட நேரம்தான். சென்னையில் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் யூடிசியிலும் அதே தேதியே நடக்கிறது. இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் செல்வதால், நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5:30 வரை மட்டுமே இரண்டும் வேறு வேறு நாளில் நிற்கின்றன. அந்த ஐந்தரை மணி நேரத்தில் அலுவலகத்தில் யாரும் இருப்பதில்லை. ஆனால் தானியங்கிப் புதுப்பிப்பை எல்லோரும் குறித்துவைப்பது சரியாக அந்த நேரத்தில்தான்!

பவர் பிஐயில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் நம் ஊர் அலுவலகங்களில் மிகுதியாகப் புழங்கும் கருவிகளில் அதுவும் ஒன்று. தரவை எடுத்துவரும் அதன் பகுதியான பவர் குவெரியில் ‘டேட்டைம்.லோக்கல்நவ்’ என்ற செயற்கூறு, அது ஓடும் கணினியின் உள்ளூர் நேரத்தைத் தருகிறது. பெயரில் உள்ளூர் என்று இருப்பதால் அது நம் ஊர் என்று எண்ணிக்கொள்கிறோம். மடிக்கணினியில் ஓடும்வரை அந்த எண்ணமும் உண்மையே. அறிக்கையை மேகத்தில், அதாவது இணையவழிச் சர்வர்களில், உள்ள பவர் பிஐ சேவைக்கு ஏற்றியதும், அங்குள்ள இயந்திரங்களுக்கு உள்ளூர் என்பது யூடிசி. இப்போது ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்கு ஓடும் ஒரு புதுப்பிப்பை எண்ணிப் பாருங்கள். யூடிசிப்படி அது மார்ச் 31, இரவு 10:30. ‘நேற்று’ என்று கேட்ட அறிக்கை மார்ச் 30ஐக் கொண்டுவரும். ‘இந்த மாதம்’ என்று கேட்டது மார்ச்சைக் கொண்டுவரும். ‘இந்த நிதியாண்டு’ என்று கேட்டது, முடிந்துபோன ஆண்டு முழுவதையும் கொண்டுவந்து கொட்டும். காலையில் அதிர்ச்சியுடன் வந்து மடிக்கணினியில் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஏனெனில் அப்போது பதில் சொல்வது வேறு கடிகாரம். இவ்வகைப் பிழையைத் தேடுவதில் உள்ள எரிச்சலுக்கு இதுவே காரணம்: தேடும் இடத்தில் அது இருப்பதேயில்லை.

இதற்கான திருத்தம் சிறியது. உள்ளூர் நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, யூடிசி நேரத்தைக் கேட்டு, அதை ஐந்து மணி முப்பது நிமிடம் முன்னுள்ள நேர வலயத்திற்கு ‘ஸ்விட்ச்ஸோன்’ செயற்கூற்றால் மாற்றி, அதன் பிறகே தேதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்போது மடிக்கணினியும் சர்வரும் ஒரே விடையைத் தரும். யூடிசி நேரத்தைத் தரும் செயற்கூறுகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று அழைக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் புதிதாகப் பார்க்கிறது. ‘ஃபிக்ஸ்ட்’ என்று தொடங்கும் மற்றது, ஒரு புதுப்பிப்புக்குள் எத்தனை முறை அழைத்தாலும் முதலில் பார்த்த நேரத்தையே தருகிறது. தொடக்கத் தேதியை நள்ளிரவுக்கு ஒரு நொடி முன்பும் முடிவுத் தேதியை ஒரு நொடி பின்பும் கணக்கிட்டுவிடும் அபாயம் முதல் வகையில் இருக்கிறது. நடப்பது அரிது என்றாலும், நடந்தால் மறுநாள் எவராலும் அதைத் திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாது.

இந்தியாவுக்குக் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் ஐந்தரை மணி என்ற எண்ணை அப்படியே எழுதிவிடலாம். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் அது முடியாது. சென்னையில் தினமும் காலை 10 மணிக்கு ஓடி, நியூயார்க் கடையின் ‘நேற்றைய’ விற்பனையைக் கேட்கும் ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். கோடையில் அங்கே நள்ளிரவு 12:30 ஆகியிருக்கும், நாள் முடிந்துவிட்டது, நேற்று என்பது இப்போது முடிந்த நாள். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிறார்கள். அதற்கடுத்த நாள் முதல், நம் காலை 10 மணி அவர்களுக்கு முந்தைய நாள் இரவு 11:30. நாள் இன்னும் முடியவில்லை. நேற்று என்பது அதற்கும் முந்தைய நாள். யாரும் எந்தக் குறியீட்டையும் தொடவில்லை, ஆனால் அறிக்கை ஒரு நாள் பின்னுக்குப் போய்விட்டது. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்குப் பிறகு, யாரும் திருத்தாமலேயே அது சரியாகியும் விடும். ஆகவே, மணிக்கணக்கை எண்ணாக எழுதாமல் ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்பதுபோல வலயத்தின் பெயரை எழுதுவதே முறை. எப்போது எத்தனை மணி வேறுபாடு என்ற வரலாறு அந்தப் பெயரோடு சேர்ந்து மென்பொருளில் இருக்கிறது. பவர் குவெரியில் இப்படிப் பெயரைக் கொடுத்து நேரத்தை மாற்றும் வசதி இல்லாதது ஒரு குறைதான் என்பது என் கருத்து.

பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை யூடிசிக்கு ஆறரை மணி முன்னதாகவும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி முன்னதாகவும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. கொழும்பின் பழைய பதிவுகளை இன்றைய ஐந்தரை மணிக் கணக்கில் மாற்றிக் கேட்பவருக்கு, அந்தப் பத்தாண்டு முழுவதும் நள்ளிரவு தவறான இடத்தில் விழும். ‘ஆசியா/கொழும்பு’ என்று கேட்பவருக்கு விழாது.

எந்தக் கடிகாரம் என்பது முடிவான பிறகு, அந்த நேரத்தை ஏபிஐக்குப் புரியும் வடிவில் எழுத வேண்டும். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தட்டுத்தடுமாறும் இடங்கள்தான் உண்டு. பெரும்பாலான ஏபிஐகள் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் 2024-03-05 போல எழுதுவதை ஏற்கின்றன. 1988இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 8601 தரநிலை வகுத்த வழக்கம் இது. சில, யூனிக்ஸ் நேரம் எனப்படும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளைக் கேட்கின்றன. சில, அதையே மில்லி நொடிகளில் கேட்கின்றன. 1700000000 என்ற எண் நொடிகளாக இருந்தால் 2023 நவம்பர் 14ஐக் குறிக்கும். மில்லி நொடிகளாக எடுத்துக்கொண்டால் 1970 ஜனவரி 20ஐக் குறிக்கும். கட்டணங்களைக் கையாளும் ஸ்ட்ரைப் நொடிகளில் பேசுகிறது; தரவை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபானா தன் தொடக்க, முடிவு மாறிகளில் மில்லி நொடிகளைத் தருகிறது. ஒன்றை மற்றொன்றுக்கு அப்படியே அனுப்பினால் வெற்றுப் பட்டியல் வரும். கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவிலிருந்து அதன் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்குச் செல்லும் தேதி அளபுருக்களோ (வினவலோடு அனுப்பும் மதிப்புகளோ) இடைக்கோடே இல்லாத எட்டு இலக்கமாக, 20240305 என்று செல்கின்றன.

வடிவத்தைக் குறிக்கும் எழுத்துகளிலும் பொறி இருக்கிறது. பவர் குவெரியில் பெரிய ‘எம்’ இரண்டு எழுதினால் மாதம். சிறிய ‘எம்’ இரண்டு எழுதினால் நிமிடம். எக்செல்லில் சிறிய எழுத்தே மாதத்தைத் தரும் என்பதால், அங்கிருந்து வருபவரின் கை தானாகவே சிறிய எழுத்தை அடிக்கும். ஷீட்ஸுக்குக் குறியீடு எழுத உதவும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. அங்கே சிறிய ‘ஒய்’ நான்கு எழுதினால் நாட்காட்டி ஆண்டு. பெரிய ‘ஒய்’ நான்கு எழுதினால் வாரக் கணக்கில் அந்த வாரம் சேரும் ஆண்டு. ஆண்டில் ஏறத்தாழ எல்லா நாளும் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. 2024 டிசம்பர் 30 போன்ற ஆண்டிறுதி நாளில் மட்டும் பெரிய எழுத்து 2025-12-30 என்று எழுதிவிடும். ஓராண்டு முழுக்க ஒழுங்காக ஓடிய அறிக்கை, எல்லோரும் விடுப்பில் இருக்கும் வாரத்தில் எதிர்காலத்தைக் கேட்கத் தொடங்கும்.

நேரத்தோடு வலயத்தையும் சேர்த்து அனுப்பும்போது +05:30 என்று எழுதுவோம். இணைய முகவரியில் கூட்டல் குறிக்கு வெற்றிடம் என்று பொருள் கொள்ளும் பழக்கம் பல சர்வர்களுக்கு இருப்பதால், அந்தக் குறியை உரிய குறிமுறையில் மாற்றி அனுப்ப வேண்டும். சரங்களைக் கையால் ஒட்டாமல், அளபுருக்களைத் தனியே வாங்கிக்கொண்டு தானே முகவரியை அமைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் கருவியே அதைக் கவனித்துக்கொள்ளும்.

அந்த வசதியைப் பயன்படுத்த இதைவிட வலுவான காரணம் பவர் பிஐயில் இருக்கிறது. தேதியைக் கணக்கிட்டு முகவரிச் சரத்தோடு ஒட்டி எழுதிய வினவல் மடிக்கணினியில் குறையின்றி ஓடும். சேவைக்கு ஏற்றிய பின், இதில் மாறும் தரவு மூலம் இருப்பதால் புதுப்பிக்க இயலாது என்று மறுக்கப்படும். பலருக்கு இது காரணமற்ற பிடிவாதமாகத் தோன்றுகிறது. உண்மையில், எந்தெந்த இடங்களுக்குத் தொடர்பு தேவை, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கடவுச்சான்றைப் பயன்படுத்துவது என்பதைச் சேவை, வினவலை ஓட்டுவதற்கு முன்பே, எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து அறிய வேண்டியிருக்கிறது. முகவரியே ஓடும்போதுதான் உருவாகிறது என்றால், அது எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ‘வெப்.கன்டென்ட்ஸ்’ செயற்கூற்றின் முதல் இடத்தில் மாறாத அடிப்படை முகவரியை மட்டும் எழுதி, அதற்குப் பின்வரும் பாதையை ‘ரிலேட்டிவ்பாத்’ என்ற பகுதியிலும், தேதி உள்ளிட்ட அளபுருக்களை ‘குவெரி’ என்ற பகுதியிலும் பிரித்துக் கொடுத்தால் சேவை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது. ஊர் எது என்று தெரிந்துவிட்டது. வீட்டு எண் போகிற வழியில் மாறினால் அதற்குக் கவலையில்லை.

கூகுள் ஷீட்ஸும் தன் வழியில் ஒரு தடையை வைத்திருக்கிறது. நாமே எழுதிய செயற்கூற்றுக்குள் ‘இப்போது’ என்ற நேரத்தை நேரடியாகக் கொடுக்க அது விடாது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மாறும் மதிப்பை ஏற்றால், ஒவ்வொரு முறையும் அந்தச் செயற்கூறு வெளியே போய் ஏபிஐயைத் தட்ட வேண்டியிருக்கும் என்பது எளிதில் புரியக்கூடியதே. தட்டும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் ஏபிஐகளிடம் அது விரைவில் கதவடைப்பில் முடியும். இதே காரணத்தால், நொடிவரை துல்லியமான நேரத்தை வினவலில் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. நாள் அளவுக்கு வட்டமிட்ட தேதி, காலை முழுவதும் ஒரே முகவரியாக இருப்பதால், முன்பே பெற்றுவைத்த விடையை மீண்டும் பயன்படுத்த முடிகிறது; நொடியைச் சேர்த்தால் ஒவ்வொரு கேள்வியும் புதுக் கேள்வி.

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்கிடும் பொறுப்பு நம்மிடம் இருக்கும்போது எழுபவை. சில ஏபிஐகள் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்கின்றன. இணையதள வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4இன் தரவு ஏபிஐயிடம் ‘நேற்று’ என்றும் ‘7 நாட்களுக்கு முன்’ என்றும் அதன் சொற்களிலேயே கேட்கலாம். அந்தத் தளத்துக்குக் குறித்துவைத்துள்ள நேர வலயத்தில் அது கணக்கிட்டுக்கொள்ளும். விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸின் வினவல் மொழியில் ‘கடந்த 7 நாட்கள்’, ‘கடந்த மாதம்’ என்பவற்றுக்குத் தனிச்சொற்கள் உள்ளன. வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸும் குழுக்களின் பணிகளைப் பின்தொடரும் ஜிராவும் இப்படியே. இந்த வசதி இருக்கும் இடங்களில் இதையே முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் தரவு எந்த வலயத்தில் நாட்களாகப் பிரிக்கப்பட்டதோ அதே வலயத்தில் தேதியும் கணக்கிடப்படுகிறது. மூன்று கடிகாரங்களில் இரண்டு ஓரங்கட்டப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் இச்சொற்களுக்குத் தன் பொருளை வைத்திருக்கிறது. கூகுள் ஆட்ஸின் கடந்த 7 நாட்களில் இன்று சேராது. அனலிட்டிக்ஸில் ‘7 நாட்களுக்கு முன்’ தொடங்கி ‘இன்று’ வரை என்று கேட்டால், இரு முனைகளும் சேர்வதால், வருவது எட்டு நாட்கள். இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் அருகருகே வைத்து, ஒரு சொடுக்குக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்க்கும் அறிக்கை, ஏழு நாள் செலவை எட்டு நாள் வருகையால் வகுத்துக்கொண்டிருக்கும். எண் நம்பும்படியாகவே இருக்கும். செலவு குறைந்துவிட்டது என்று மகிழவும் இடமிருக்கும்.

முனைகள் சேருமா சேராதா என்ற இந்தக் கேள்வி, என் கணிப்பில், நேர வலயத்தைவிட அதிகமான அறிக்கைகளைக் கெடுத்திருக்கிறது. மார்ச் மாத விற்பனை வேண்டும் என்பவர் மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று எழுதுகிறார். ஏபிஐ தேதிகளை மட்டும் அறிந்ததாக இருந்தால் அது சரி. ஏபிஐ நேரத்தோடு கூடிய பதிவுகளை வைத்திருந்தால், மார்ச் 31 என்பதை அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தின் கடைசி நாள் முழுவதும், இலக்கை எட்ட எல்லோரும் ஓடிய நாள், விடுபட்டுப்போகும். இதைக் கண்டுபிடித்தவர் முடிவு நேரத்தை 23:59:59 என்று திருத்துவார். நொடியின் பின்னத்தையும் பதிந்துவைக்கும் அமைப்பில், அந்தக் கடைசி நொடிக்குள் நிகழ்ந்தவை அப்போதும் வெளியே நிற்கும். ஏப்ரல் 1 நள்ளிரவு வரை என்று திருத்தி, முனையையும் சேர்த்துக்கொண்டால், சரியாக நள்ளிரவுப் பதிவுகள் இரண்டு மாதங்களிலும் எண்ணப்படும். தினசரித் தொகுப்பாக மட்டுமே பதிவு வரும் அமைப்புகளில் எல்லாப் பதிவும் சரியாக நள்ளிரவில்தான் இருக்கும் என்பதால், இது ஒரு நொடியின் பிழையாக நிற்காமல் ஒரு முழு நாளின் பிழையாகிவிடும்.

இதற்கு நெடுங்காலமாகப் பழகிவந்த தீர்வு, தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்குவது: மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஆனால் ஏப்ரல் 1க்கு முன். அப்படி வெட்டிய மாதங்களை அடுக்கினால் இடையில் இடைவெளியும் விழாது, மேற்பொருந்துதலும் நேராது. மாதத்துக்கு எத்தனை நாள் என்றும் எண்ண வேண்டியதில்லை. ஸ்ட்ரைப் போன்ற ஏபிஐகள் ‘இதற்குச் சமம் அல்லது பெரியது’, ‘இதைவிடச் சிறியது’ என்று இரு முனைகளுக்கும் தனித்தனி அளபுருக்களை வைத்திருப்பது இதற்கு வசதி. தரவைக் காலப் பிரிவுகளாக வெட்டிச் சேமிக்கும் பவர் பிஐயின் படிப்படியான புதுப்பிப்பு வசதியில் ‘ரேஞ்ச்ஸ்டார்ட்’, ‘ரேஞ்ச்எண்ட்’ என்ற இரு அளபுருக்களையும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அதன் ஆவணமே வற்புறுத்துகிறது. இரு பக்கமும் சமக்குறி வைத்தால் எல்லையில் உள்ள வரிசைகள் இரண்டு பிரிவுகளிலும் ஏறிவிடும்.

மாதக் கணக்கிலும் ஒரு சொல். மார்ச் 31இலிருந்து ஒரு மாதத்தைக் கழித்தால் 2024இல் பிப்ரவரி 29 வரும், 2023இல் 28 வரும். அங்கிருந்து ஒரு மாதத்தைக் கூட்டினால் 31க்குத் திரும்ப முடியாது. எனவே முதலில் மாதத்தின் முதல் நாளுக்குப் போய்விட்டு, அதன் பின்னரே மாதங்களைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அதற்கும் இதுபோல ஒரு சிறு உத்தி போதும்: மூன்று மாதம் கழித்து, கிடைத்த தேதியின் ஆண்டுத் தொடக்கத்துக்குச் சென்று, மூன்று மாதத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். 2025 பிப்ரவரி 15 இவ்வழியில் 2024 நவம்பருக்கும், அங்கிருந்து 2024 ஜனவரி 1க்கும், முடிவில் 2024 ஏப்ரல் 1க்கும் வந்து சேர்கிறது. மாதம் மூன்றுக்குக் கீழா மேலா என்று கேட்கும் நிபந்தனைகள் எதுவும் தேவைப்படுவதில்லை.

பக்கம் பக்கமாக விடை தரும் ஏபிஐகளிடம் நகரும் தேதி வேறொரு வகையில் தொல்லை தரும். முதல் பக்கத்தைக் கேட்கும்போது முடிவு நேரம் ‘இப்போது’. பத்தாம் பக்கத்தைக் கேட்கும்போதும் ‘இப்போது’, ஆனால் அது இரண்டு நிமிடம் கழிந்த இப்போது. இடையில் புதிய பதிவுகள் நுழைந்து பட்டியலைக் கீழே தள்ளியிருந்தால், ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரிகள் ஆறாம் பக்கத்தில் மீண்டும் வரும். முடிவு நேரத்தை ஒருமுறை கணக்கிட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் அதையே அனுப்புவதுதான் வழி. முடிவு நேரத்தை எழுதாமலே விடுவதும் இதே தவறுதான். நிலநடுக்க ஏபிஐயில் எழுதாவிட்டால் அது நடப்பு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, தொடக்கத்தை எழுதாவிட்டால் முப்பது நாள் பின்னே போகிறது. ஒரே வினவலில் 20,000 அதிர்வுகளுக்கு மேல் அது தராது, மீறினால் பிழையைத் திருப்பும். பெரிய இடைவெளியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கேட்கும்போது ஒவ்வொரு துண்டின் இரு முனைகளும் எழுத்தில் இருப்பது கட்டாயமாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலுக்குக் கடிகாரம் பொறுப்பன்று. தரவு தாமதமாக வந்து சேர்கிறது. அனலிட்டிக்ஸ் ஒரு நாளின் கணக்கை முழுமையாக முடிக்க 24 முதல் 48 மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் பார்த்தவர் சில நாள் கழித்து வாங்கினால், அந்த விற்பனை பழைய நாளின் கணக்கில் போய்ச் சேரும். தினமும் ‘நேற்றை’ மட்டும் எடுத்துச் சேமித்துக்கொண்டே போகும் அறிக்கை, ஒவ்வொரு நாளையும் அது பழுக்கும் முன்பே பறித்துவிடுகிறது. கடந்த மூன்று நாளையோ ஏழு நாளையோ ஒவ்வொரு முறையும் மறுபடி எடுத்து, பழையதன்மேல் எழுதுவதே நடைமுறையில் உள்ள தீர்வு. எத்தனை நாள் என்பது தரவின் மூலத்தைப் பொறுத்தது. ஒரே நாளின் எண்ணை ஒரு வாரம் தொடர்ந்து குறித்துவைத்தால் எத்தனையாவது நாளில் அது அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இவற்றை எல்லாம் சரியாக எழுதிய பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடந்த செவ்வாயன்று ஏபிஐ வேலை செய்யவில்லை, புதுப்பிப்பு தோற்றுவிட்டது. வியாழனன்று அந்த ஒரு நாளை மட்டும் மீட்க வேண்டும். ‘நேற்று’ என்று வினவலுக்குள்ளேயே எழுதிவைத்தவரிடம் இதற்கு வழியில்லை. வினவல் கடிகாரத்தைப் பார்க்கிறது. கடிகாரம் வியாழனைக் காட்டுகிறது. அவசரத்தில் அவர் குறியீட்டைத் திறந்து, தேதியைக் கையால் எழுதி, ஓட்டி முடித்து, திரும்ப மாற்றுவதற்கு மறந்துபோவார். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வார்.

தரவுக் குழாய்களை, அதாவது தரவை எடுத்து மாற்றிச் சேர்க்கும் தொடர் வேலைகளை, நிர்வகிக்கும் ஏர்ஃப்ளோ இதை வேறு விதமாக அணுகுகிறது. 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் பிறந்த இந்தக் கருவியில், தரவு இடைவெளி முறையில் அமைத்தால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அது எந்த இடைவெளியின் தரவுக்கு உரியது என்பதை, வேலைகளை நேரப்படி ஓட்டும் பகுதியான அட்டவணையாளரே கணக்கிட்டுக் கையில் கொடுக்கிறது. செவ்வாய்க்கு உரிய ஓட்டம் செவ்வாய் முடிந்த பின் ஓடும். அதை வியாழனன்று மறுபடி ஓட்டினாலும், அடுத்த ஆண்டு ஓட்டினாலும், அதன் கையில் இருப்பது செவ்வாயின் தொடக்கமும் முடிவும்தான். ஓடும் நாள் வேறு, ஓட்டத்துக்குரிய நாள் வேறு என்ற இந்தப் பிரிவு முதலில் எல்லோரையும் குழப்பியது. பழைய பதிப்புகளில் ‘செயல்படுத்திய தேதி’ என்ற பொருள்படும் பெயரையே அந்த நாளுக்கு வைத்திருந்தார்கள். அது செயல்படுத்திய தேதியே அன்று. பின்னர் 2.2ஆம் பதிப்பில் தரவு இடைவெளியின் தொடக்கம், முடிவு என்று தெளிவான பெயர்கள் வந்தன. பெயர் மாறிய பிறகுதான் பலருக்குக் கருத்தும் விளங்கியது என்று நினைக்கிறேன்.

பவர் பிஐயிலோ ஷீட்ஸிலோ அட்டவணையாளர் இப்படி எதையும் கையில் கொடுப்பதில்லை என்றாலும், அதே பிரிவை நாமே அமைத்துக்கொள்ளலாம். ‘அறிக்கை நாள்’ என்று ஓர் அளபுருவை வைத்து, அது வெறுமையாக இருந்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பது, அதில் ஒரு தேதி எழுதியிருந்தால் அதையே ‘இன்று’ என எடுத்துக்கொள்வது. மற்ற எல்லாத் தேதிகளும், மாதத் தொடக்கமும் நிதியாண்டும் ஏழு நாள் முன்பும், கடிகாரத்தை நேரடியாகத் தொடாமல் அந்த ஒற்றை மதிப்பிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும். கணக்கிட்டு முடித்த தொடக்கத்தையும் முடிவையும், வலயத்தின் பெயரோடு, அறிக்கையின் தலைப்புக்குக் கீழே ஒரு வரியாக அச்சிட்டுவிட்டால், எண் தவறாகத் தோன்றும்போது எதைத் தேடுவது என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

இப்படி ஓர் அளபுரு இருந்தால் சோதனையும் எளிதாகிறது. நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கையை வெளியிடும் முன் அதில் பிப்ரவரி 29ஐயும், மார்ச் 31ஐயும், ஏப்ரல் 1ஐயும், டிசம்பர் 30ஐயும் ஒவ்வொன்றாக எழுதி ஓட்டி, தலைப்பின் கீழ் வரும் வரியைப் படித்துப் பார்க்கலாம். நள்ளிரவுக்கும் அதிகாலை 5:30க்கும் இடைப்பட்ட ஐந்தரை மணி நேரத்தை மட்டும் இந்த வழியில் சோதிக்க இயலாது. அதற்குச் சேவையில் ஏற்றிய பிறகு அதிகாலை 2 மணிக்கு ஒரு புதுப்பிப்பைக் குறித்துவைத்து, காலையில் வந்து அந்த வரியைப் பார்க்க வேண்டும்.